காந்தத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

காரைக்குடியில் எலெக்ட்ரிக் கிடார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, இரையாத கிடார் எது?” கேட்பவர் கல்லூரி மாணவராக இருப்பார், சர்ச்சில் வாசிக்கிறவராக இருப்பார், இல்லையென்றால் திருவிழா மேடைகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார். “சிங்கிள் காயில் வாங்காதே, உய்யுன்னு இரையும், ஹம்பக்கர் வாங்கு” என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். ஒற்றைச் சுருள் உள்ளது சிங்கிள் காயில், இரட்டைச் சுருள் உள்ளது ஹம்பக்கர். நான் நேர் எதிராகச் சொல்கிறவன். நம் காதுக்கும் நாம் வாசிக்கிற பாட்டுக்கும் முதல் கிடார் சிங்கிள் காயிலாகத்தான் இருக்க வேண்டும். அந்த இரைச்சலில் பெரும்பகுதி வீட்டு வயரிங்கிலிருந்தும் பக்கத்திலிருக்கும் மின்சாதனங்களிலிருந்தும் வருவது. உட்காரும் திசையையும் ஸ்விட்சையும் மாற்றியே நிறைய அடக்கிவிடலாம். ஒலியைத் திருப்புளியும் ஸ்கேலும் வைத்து, பிக்கப்பின் காந்தத்தைத் தந்தியிலிருந்து கொஞ்சம் இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். இதைப் பலருக்கும் வாயால் சொல்லியாயிற்று, எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சிங்கிள் காயில் பிக்கப் ரொம்ப எளிமையான பொருள். தந்திக்கு ஒன்றாக ஆறு சின்னக் காந்த உருளைகள். அவற்றைச் சுற்றித் தலைமுடி கனமே உள்ள செப்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசையும், சுருளில் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும், அதை ஆம்ப் பெரிதாக்கிக் கொடுக்கும். 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரோடும், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற பெயரோடும் லியோ ஃபெண்டரின் பட்டறையிலிருந்து வெளிவந்த கிடார்களில் இருந்தது இதுதான். இன்று கடையில் தொங்கும் மலிவான ஸ்ட்ராட் வடிவக் கிடாரிலும் அடிப்படை இதேதான், பலவற்றில் உருளை மட்டும் வெறும் இரும்பாக இருக்கும், காந்தம் அடியில் ஒட்டியிருக்கும்.

இந்தச் சுருளுக்குத் தந்தியின் அசைவும் தெரியும், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலமும் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுற்று அலைவது, அதாவது 50 ஹெர்ட்ஸ். தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதனால் நம் வீடுகளில் கேட்கும் ஹம், ஜி சுரத்துக்குக் கொஞ்சம் மேலே, சுருதி சேராமல் நிற்கும். ஜி-யில் ஒரு பாட்டை வாசித்து நிறுத்திப் பாருங்கள், அடியில் அது ஒட்டாமல் முனகுவது தெளிவாகக் கேட்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்களுக்கு அது வேறு சுரத்தில் விழும்.

இதைப் போக்கத்தான் கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள், ஒன்றின் காந்தம் வடக்கு என்றால் மற்றதன் காந்தம் தெற்கு, சுற்றிய திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு சுருளும் தந்தியை இரண்டு இடங்களில் கேட்கின்றன. உச்சத்தில் இருக்கும் நுண்ணிய ஒலிகள் சில அங்கே கரைந்துபோகும். சுருள் பெரிதாக ஆக மேல் ஒலி இன்னும் கொஞ்சம் மங்கும். ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனில் கனமாக வாசிக்கிறவருக்கு அந்த மங்கல் வசதி. தந்தியை விரல் தொட்ட கணத்தைக் கேட்க விரும்புகிறவருக்கு அது நஷ்டம்.

எங்கள் ஊர்க் காது அந்தக் கணத்தைக் கேட்டு வளர்ந்த காது. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணையில் வளர்த்த பாணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த அழுத்தமான மீட்டுதான். மீட்டு விழும், அதன் பின்னால் ஒரே தந்தியில் சுரம் வளைந்து வளைந்து போகும். மீட்டு தெளிவாக விழுந்தால்தான் பின்னால் வரும் கமகம் எங்கே தொடங்கியது என்று காதுக்குத் தெரியும். எலெக்ட்ரிக் மேண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய பிறகு, மின் வாத்தியத்தில் கமகம் வருமா என்ற கேள்விக்கே இடமில்லை. கிடாரில் அதைத் தேடுகிறவருக்கு சிங்கிள் காயில் கொடுக்கும் தெளிவை வேறு எதுவும் கொடுத்து நான் கேட்டதில்லை. சினிமாப் பாட்டுகளில் பின்னணியில் ஓடும் சுத்தமான, மணி உதிர்ந்த மாதிரிக் கிடார் ஒலி வேண்டும் என்றாலும் கை இதைத்தான் தேடிப் போகும்.

சரி, கடைக்குப் போவோம். எங்கள் பக்கத்தில் நாலைந்து கிடாரை ஒரே இடத்தில் எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்றால் திருச்சிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்கே போகிறவர்களும் உண்டு. ஆன்லைனில் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெக், அதாவது விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட கழுத்து, கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய பொருள்.

பிக்கப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நெக்கைப் பாருங்கள். கிடாரின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, தந்திகள் உடம்பில் ஊன்றி நிற்கும் பாலத்திலிருந்து தலைப்பக்கம் நோக்கி ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுங்கள். ஓரம் முறுக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியும். முறுக்கிய நெக்கை ஒன்றும் செய்ய முடியாது, வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு நெக்கின் இரண்டு ஓரங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். கடையின் ஏசியிலேயே கீறுகிற முனை, சித்திரையில் உங்கள் வீட்டில் இன்னும் மோசமாகும். அடுத்து ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள், ஆம்பில் மாட்டாமலேயே. ஒரு இடத்தில் மட்டும் ஒலி செத்துப்போனால் அங்கே ஃப்ரெட் உயரம் சரியில்லை என்று அர்த்தம். மாட்டாமல் வாசிக்கும்போதே மரம் நெஞ்சில் அதிர்கிறதா என்றும் கவனியுங்கள். அளந்து சொல்ல முடியாத விஷயம்தான், ஆனாலும் நான் எப்போதும் பார்ப்பேன்.

பிறகு ஆம்பில் மாட்டுங்கள். கடைக்காரர்கள் அன்போடு டிஸ்டார்ஷனும் எக்கோவும் போட்டுக் கொடுப்பார்கள், எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். வெறும் சுத்தமான ஒலி, டோன் எல்லாம் நடுவில். ஸ்ட்ராட் வகை என்றால் ஐந்து நிலை ஸ்விட்சை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கேளுங்கள். தொடக்க கால ஸ்ட்ராட்டில் மூன்று நிலைதான். வாசிப்பவர்களே ஸ்விட்சை இடையில் நிறுத்தி இரண்டு பிக்கப்பை ஒன்றாகப் பேச வைத்தார்கள், 1977 வாக்கில் ஃபெண்டரே ஐந்து நிலை ஸ்விட்சைப் போட்டுக் கொடுத்தது. இன்றைய கிடார்கள் பலவற்றில் நடுப் பிக்கப்பை மட்டும் காந்தமும் சுற்றும் எதிர்த்திசையில் வைத்துச் செய்கிறார்கள். அப்படி இருந்தால் இரண்டாவது நிலையிலும் நான்காவது நிலையிலும் ஹம் சட்டென்று அடங்கும். கடையில் நின்றே சோதித்துப் பார்த்துவிடலாம். அடங்குகிற கிடாரை எடுங்கள், இரைச்சல் பயம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பாலத்தருகே ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள கிடார்களும் உண்டு, யமஹா பசிஃபிகா 112 மாதிரி. மேடையில் எல்லாவிதப் பாட்டும் வாசித்தாக வேண்டிய பிள்ளைகளுக்கு அது நல்ல தேர்வு. கர்நாடக இசையோ மெல்லிசையோ மட்டும் போதும் என்கிறவருக்கு நான் டெலிகாஸ்டர் வகையைச் சொல்வேன். காரணம் அதன் பிக்கப் மட்டுமில்லை, அதன் பாலம்.

இந்தப் பாலம் விஷயத்தை யாரும் வாங்கும்போது சொல்வதில்லை. ஸ்ட்ராட்டின் பாலம் பின்புறம் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டப்பட்டு, தந்திகளின் இழுப்போடு சமனில் மிதக்கும். கைப்பிடியை அழுத்தினால் சுருதி ஆட வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனால் நாம் கமகத்துக்காக ஒரு தந்தியை வளைக்கும்போது அந்த இழுப்பு கூடி, பாலம் முன்னால் சாய்ந்து, மற்ற ஐந்து தந்திகளும் சுருதி இறங்கும். அடியில் ஆதார சுருதிக்கு ஒரு தந்தியைத் திறந்துவிட்டு மேலே ரிஷபத்தையோ காந்தாரத்தையோ அசைக்கிறவருக்கு இது பெரிய தொல்லை. வளைக்கும் தந்தியும் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராது, கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். டெலிகாஸ்டரின் பாலம் மரத்தோடு திருகி அசையாமல் நிற்கும்.

ஏற்கெனவே ஸ்ட்ராட் வாங்கிவிட்டவருக்கும் வழி உண்டு. பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகையும் உள்ளே இறுக்கினால் பாலம் உடம்பில் படிந்து உட்காரும். அது பின்னால் சாயாது. முன்னால் சாயாமல் இருக்க, பாலத்தின் அடிக்கட்டைக்கும் குழியின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டை இறுக்கமாகச் சொருக வேண்டும். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் துண்டுகளைப் பட்டறை மூலையில் போட்டு வைத்திருப்பார். கிடாரைக் குப்புறப் படுக்க வைத்து, குழிக்குள் எட்டிப் பார்த்து, “நாலு நூலுக்குக் கொஞ்சம் கூட இருக்கு தம்பி, இழைச்சுத் தாரேன்” என்றார். இழைத்து இழைத்து, ஒவ்வொரு தடவையும் சொருகிப் பார்த்து, விரலால் தள்ளினால் மட்டும் போகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினார். பசை போடவில்லை. வேண்டாம் என்றால் நாளைக்கே உருவிவிடலாம். அந்தத் துண்டை வைத்ததிலிருந்து அந்தக் கிடாரில் ஒரு தந்தியை இரண்டு சுரம் வளைத்தாலும் மற்றவை நின்ற இடத்தில் நிற்கின்றன. சுருதி ஆட்டும் கைப்பிடி வேண்டும் என்கிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். பாலத்தின் பின்விளிம்பு உடம்பிலிருந்து 3.2 மி.மீ., அதாவது சரியாக ஒரு நூல், உயர்ந்து நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளட்டும். ஃபெண்டர் சொல்லும் அளவும் அதுதான்.

இனி இரைச்சல். கிடாரைக் குறை சொல்லும் முன்னால் வீட்டைப் பாருங்கள். கிடாரை மாட்டி, ஆம்புக்கு எதிரே நின்று, மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் ஹம் குறைந்தால் அது காந்தப் புலத்தால் வருவது. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரோ, சுவரில் மாட்டிய ஸ்டெபிலைசரோ, பழைய டியூப்லைட்டின் சோக்கோ காரணம். தள்ளி உட்காருங்கள், அல்லது ஒலி குறைந்த திசையைப் பார்த்து உட்காருங்கள். இதற்குச் செலவே இல்லை. தந்தியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது என்றால் அது வேறு ரகம், மின்புலத்தால் வருவது. உங்கள் உடம்பே ஆன்டெனாவாக நிற்கிறது என்று பொருள். இதற்குக் கிடாரின் உள்குழிகளில் செப்புத் தகட்டு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்தால் நன்றாகக் குறையும். செப்பு டேப் ஒட்டினால் ஹம் முழுக்கப் போய்விடும் என்று சிலர் சொல்வது சரியில்லை. முதல் ரக ஹம்மை செப்புத் தகடு தடுக்காது. தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் வயரிங்கில் தவறு இருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று சில தனிப் பிரச்சினைகள் உண்டு. பழைய பெரிய வீடுகளில் சுவரில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் போகிறதா என்று பார்த்தால் சில இடங்களில் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரைச்சலுக்காக மட்டுமில்லை. கிடார்த் தந்தி ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. எர்த் சரியில்லாத ஆம்பில் கிடாரை மாட்டிக்கொண்டு, வேறு இடத்திலிருந்து மின்சாரம் வரும் மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். உயிரே போகிற அளவுக்கும் அடிக்கலாம். ஹம் குறைகிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

இன்வெர்ட்டரும் இன்னொன்று. மின்சாரம் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறினால், மெல்லிய முனகலாக இருந்த ஹம் கிர்ரென்று கரகரக்கும். அந்த அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250 என்று மேலே மேலே ஒலிகள் ஏறி வருவதுதான் காரணம். சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. திருவிழா மேடை எல்லாவற்றையும்விடக் கடினம். ஜெனரேட்டர், பக்கத்திலேயே மினுக்கும் சீரியல் செட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், எல்லாம் சேர்ந்து பிக்கப்பில் வந்து விழும். கொப்புடையம்மன் கோயில் திருவிழா மாதிரி மேடைகளில் வாசிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ஸ்விட்சை இரண்டிலோ நான்கிலோ வைத்து வாசி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வால்யூமை மூடு, ஆம்புக்கான மின்சாரத்தை லைட்காரர் பலகையிலிருந்து எடுக்காமல் சவுண்டுக்காரர் பலகையிலிருந்து எடு.

ஒலிக்கும் இடமும் முக்கியம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கண்ணாடி மாதிரித் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், உயரமான மேற்கூரை. பட்டாலையில் வைத்து வாசித்தால் மேல் ஒலி எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து காதைக் குத்தும். கடையில் இனிமையாகக் கேட்ட கிடார் வீட்டில் கூர்மையாகக் கேட்பதற்கு இதுவே காரணம். ஆம்புக்கு அடியில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, முற்றத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். வாசிக்கும் இடத்தில் வைத்துத்தான் டோனைத் திருக வேண்டும்.

இனித் திருப்புளி வேலை. வரிசை மாறினால் எல்லாமே மாறும், ஆகவே புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். முதலில் நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, எல்லாவற்றிலும் கனமான ஆறாவது தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். 0.25 மி.மீ. இருந்தால் போதும். இதற்கு வேண்டிய ஃபீலர் கேஜ் பைக் மெக்கானிக்குகளிடம் இருக்கும், டாப்பட் அட்ஜஸ்ட் பண்ண வைத்திருப்பார்கள். இடைவெளி அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கம், குறைவு என்றால் இடப்பக்கம், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் பலம் போடாதீர்கள்.

அடுத்து தந்தியின் உயரம். 17வது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்பது வழக்கமான அளவு. கமகம் வாசிக்கிறவருக்கு நான் அதைவிடக் கொஞ்சம் உயர்த்தியே வைப்பேன். தந்தி ரொம்பத் தாழ்ந்தால் வளைக்கும்போது விரல் நுனி பக்கத்துத் தந்தியின் அடியில் நுழையாமல் மேலே ஏறிவிடும். தந்தி கடையில் 9–42 என்று சொல்லும் செட்டாக, அதாவது 0.009இலிருந்து 0.042 அங்குலம் வரை கனமுள்ளதாக இருந்தால் வளைக்க இலகு. பிறகு ஒவ்வொரு தந்திக்கும் 12வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பாலத்தில் அந்தத் தந்தியைத் தாங்கும் சின்னத் துண்டான சேடிலைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். வீணைக்கு மெழுகில் மெட்டு வைத்து மேளம் கட்டுகிறவர் காதால் செய்கிற வேலையை இங்கே ஆறு சின்னத் திருகுகள் செய்கின்றன.

கடைசியாக, இந்தக் கட்டுரைக்கே காரணமான பிக்கப் உயரம். பள்ளத்தூரிலிருந்து ஒரு பையன் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று பிக்கப்பும் தந்தியை முட்டும் அளவுக்கு ஏறியிருந்தன. “சவுண்டு பத்தலைன்னு ஏத்திவிட்டேண்ணே. இப்ப மேல போனா சுருதியே சேரல. பிக்கப்பு போயிருச்சா?” ஆறாவது தந்தியில் 12வது ஃப்ரெட்டுக்கு மேலே எங்கே அழுத்தினாலும் ஒரே சுரத்துக்குள் இரண்டு சுரம் சண்டை போட்டன, அலை அலையாக. ட்யூனரின் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது, ஏனென்றால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. இழுத்த தந்தி ஒழுங்காக அதிர முடியாது, சீக்கிரம் அடங்கியும் போகும். ஹம்பக்கர்கள் பலவற்றில் தந்திக்குக் கீழே இருப்பது வெறும் இரும்பு, காந்தம் அடியில் படுத்திருக்கும். பழைய பாணி சிங்கிள் காயிலில் காந்த உருளையே தலையை நீட்டிக்கொண்டு நிற்பதால் இந்தக் கோளாறு இங்கேதான் அதிகம்.

“தம்பி, திருப்புளியை எடு. நெக்குப் பக்கத்துப் பிக்கப்பை மொதல்ல இறக்கு.” இறக்கச் சொல்லி, நடுநடுவே ஆறாவது தந்தியை அடித்துக் காட்டினேன். அலை மெல்ல மெல்ல நீண்டு, ஒரு இடத்தில் காணாமலே போனது. அவன் முகம் மலர்ந்தது. “இப்ப ஒரே சுரமா நிக்குதுண்ணே. ஆனா சவுண்டு கம்மியாயிருச்சே?” “சவுண்டுக்கு ஆம்பு இருக்குப்பா. அதத் திருகு.”

ஃபெண்டர் தருகிற தொடக்க அளவு இது: தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் காந்தத்தின் தலைக்கும் நடுவே அளந்தால், பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஆறாவது தந்தியில் 2.4 மி.மீ., முதல் தந்தியில் 2 மி.மீ. சில வலுவான பிக்கப்புகளுக்கு 3.2, 2.4 என்று இன்னும் தள்ளியே சொல்கிறார்கள். நான் நெக் பிக்கப்பை 3 மி.மீ. பக்கமாக வைத்துத் தொடங்குவேன். அங்கே தந்தி அகலமாக அசைகிறது, தள்ளி வைத்தாலும் நிறைவாகவே கேட்கும். பாலத்தருகே தந்தியின் அசைவு சிறிது, ஆகவே அந்தப் பிக்கப் மட்டும் கொஞ்சம் கிட்டே வரலாம். பிறகு ஸ்விட்சைத் தள்ளித் தள்ளி, மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் பேசும்வரை காதால் சரிசெய்யுங்கள். ஸ்கேல் தொடங்கி வைக்கும், காதுதான் முடிக்க வேண்டும்.

இறக்கி வைத்த சிங்கிள் காயிலில் ஒரு மாற்றம் உடனே தெரியும். மெதுவாக மீட்டினால் மெதுவாகவும் ஓங்கி மீட்டினால் ஓங்கியும் பேசும். கிட்டே இருந்தபோது எல்லாமே ஒரே சத்தமாக முன்னால் வந்து விழுந்திருக்கும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதற்காகத்தானே இந்த வகையைத் தேர்ந்தெடுத்தோம்?

மூன்றாவது தந்தி மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால் பயப்பட வேண்டாம். பழைய பாணியில் காந்த உருளைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும். அந்த அளவு வகுத்த காலத்தில் மூன்றாவது தந்தி சுற்றுக் கம்பி. இன்று நாம் போடுவது வெறும் எஃகு, அதனால் அதன் ஒலி கூடிவிடுகிறது. உருளையை விரலால் அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், பல பிக்கப்புகளில் சுருள் அந்த உருளையின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும், கம்பி அறுந்தால் பிக்கப் செத்துப்போகும். முதல் தந்திப் பக்கத்தை அரைத் திருகு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சமாதானமாகும்.

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நெக் அசையும், சித்திரை வெயிலில் மறுபடியும் அசையும். ஆகவே நன்றாக இருக்கும்போதே எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதிக் கிடார்ப் பெட்டியில் போட்டு வையுங்கள். கேபிள் 3 மீட்டர் போதும். நீளம் கூடக் கூட மேல் ஒலி குறையும், மேடைக்கு மட்டும் நீளமானதை எடுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் வாசித்த பிறகும் ஒலி மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பை மாற்றலாம். ஸ்ட்ராட் வகைக்குச் சுருளின் மின்தடை 5.5இலிருந்து 6.5 கிலோ ஓம் வரை உள்ளவை பழைய பாணிக்குப் பக்கம். அந்த எண் பெரிதாக இருந்தால் ஒலியும் நன்றாக இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள், பெரும்பாலும் சுற்று கூடி மேல் ஒலி குறைந்திருக்கும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (மாறும் மின்தடை) 250 கிலோ ஓம்தானா என்று திறந்து பாருங்கள். ஈயம் வைக்கத் தெரியாது என்றால் ஊரில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுக்கலாம். கழற்றுவதற்கு முன்னால் பழைய வயரிங்கை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.